கயிற்றின் கடைசி ஆள்

"டீச்சர், இந்தத் தடவை கடைசி ஆளா நீங்க நில்லுங்க."

கணக்கு டீச்சர் ராஜேஸ்வரி இதைச் சொன்னபோது நான் குனிந்து சுண்ணாம்புக் கோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் விளையாட்டு விழா. மாணவிகளின் ஓட்டங்கள் எல்லாம் முடிந்து வெயில் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அடுத்தது ஆசிரியைகளின் கயிறு இழுக்கும் போட்டி. மைதானத்தின் நடுவில் தடித்த நார்க்கயிறு நீளமாகக் கிடந்தது.

நான் நிமிர்ந்தேன். சுற்றி நின்ற டீச்சர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைப் பார்த்தார்கள். தமிழ் டீச்சர் ஒழுங்காக இருந்த முந்தானையை இன்னும் ஒழுங்கு செய்தார்.

கயிறு இழுப்பில் கடைசி ஆள் யார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூட்டத்தில் கனமான ஆளைத்தான் கடைசியில் நிறுத்துவார்கள். கேன்சர் மாத்திரையால் ஊதிப் பெருத்த ஒருத்தியிடம், அதுவும் விளையாட்டு டீச்சரிடம், ஊர் கூடிய இடத்தில் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பகீர் என்று இருக்காது.

என் கழுத்தில் விசில் தொங்கியது. இந்த மைதானத்தில் எத்தனையோ வருடமாகக் கயிறு இழுப்புக்கு விசில் ஊதியவள் நான். ஒரு தடவைகூடக் கயிற்றைப் பிடித்ததில்லை.

ராஜேஸ்வரிக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் எப்படிக் கடைசி ஆளானேன் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

பேண்ட் சுருங்கவில்லை

கர்ப்பப்பையில் கேன்சர் வந்து அதை அறுத்தெடுத்த கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். சில வருடம் நிம்மதியாகப் போனது. பிறகு அடிவயிற்றில் சின்னதாக ஒன்று மறுபடி முளைத்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது.

"கர்ப்பப்பையைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எங்கிருந்து கர்ப்பப்பைக் கேன்சர் வரும்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அதே கேள்வியை நானும் கே.கே. நகரில் என்னைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வீட்டை இடிச்சுட்டோம் டீச்சர். குடியிருந்தவன் ஒருத்தன் பக்கத்துத் தெருவுல ஒளிஞ்சிருந்திருக்கான்" என்றார்.

இந்தத் தடவை கத்தி இல்லை. ஹார்மோன் மாத்திரை. "இந்தக் கட்டிக்கு ஒரு ஹார்மோன்தான் தீனி. அதை அடக்குற இன்னொரு ஹார்மோனை மாத்திரையாக் குடுக்குறோம். தினமும் விடாமப் போடணும்" என்றவர், அதோடு வரப்போவதையும் சொன்னார். "பசிக்கும். எடை ஏறும். ராத்திரி கெண்டைக்கால் இழுக்கும். திடீர்னு வேர்த்துக் கொட்டும். சுகர் ஏறலாம். ரெண்டு காலும் லேசா வீங்கினா அடுத்த தடவை வாரப்ப சொல்லுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, மூச்சு முட்டினாலோ அடுத்த தடவைன்னு இருக்கக் கூடாது, உடனே வந்துரணும். அப்புறம், கோவம் வரும்."

"அது ஏற்கெனவே இருக்கு டாக்டர்" என்றேன்.

பசி என்றால் நான் அதுவரை அறிந்த பசி இல்லை. காலையில் இட்லிச் சட்டியைக் காலி செய்துவிட்டுப் பள்ளிக்குப் போனால், பிரார்த்தனைக் கூட்டத்தில் கண்ணை மூடும்போதே விடுதிச் சமையலறையில் சாம்பார் கொதிக்கிற வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். பரமண்டலத்திலிருக்கிற பிதாவை விட்டுவிட்டு மனம் முருங்கைக்காயிடம் போய்விடும். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எனக்கு முதலில் பறந்தது வெட்கம். டீச்சர்களின் டிபன் பாக்ஸ்களை அவர்கள் திறப்பதற்கு முன்பே நான் மோப்பம் பிடித்துவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை டிராக் பேண்ட் தொடைக்கு மேல் ஏறவில்லை. எங்கள் வீட்டில் துணி துவைப்பது என் வீட்டுக்காரர். கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் சின்னத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பும் வேலை. நான் அவர் மேல் பாய்ந்தேன்.

"நல்ல பேண்டைச் சோப்புத் தண்ணியில ஊறப்போட்டுச் சுருங்க வச்சுட்டீங்க."

அவர் அலமாரியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். அதே கம்பெனி, அதே சைஸ், இன்னும் உடுத்தாத புதுப் பேண்ட் ஒன்று இருந்தது. இரண்டையும் கட்டிலில் விரித்து இடுப்பு, தொடை, நீளம் எல்லாம் அளந்தார்.

"பேண்ட் சுருங்கல செலின்" என்றார், மெதுவாக.

அன்று நான் சேலை கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படிப் போனதே இல்லை.

பார்க்க வந்தவர்களின் ஏமாற்றம்

எங்கள் பக்கம் ஒருவருக்கு நோய் என்றால் பார்க்கப் போகாமல் இருப்பது பெரிய குற்றம். ஹார்லிக்ஸ் பாட்டிலோ, ஒரு பை ஆரஞ்சோ வாங்கிக்கொண்டு, முகத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொண்டு வருவார்கள். நோயாளியும் அவர்களை ஏமாற்றாமல் மெலிந்து கிடக்க வேண்டும்.

என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸிலேயே அழுதுகொண்டு வந்திருப்பார் போல, மூக்கு சிவந்திருந்தது. கதவைத் திறந்தது நான். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"என்னத்தா இது? கேன்சர்னு தம்பி சொன்னான். நீ நல்லாப் பூசுனாப்ல, கல்யாணப் பொண்ணு கணக்கா நிக்கிற."

"மாத்திரை அப்படி மதினி."

"முடி கொட்டலையா?"

"இல்ல மதினி."

"வாந்தி?"

"இல்ல மதினி. பசிதான்."

மதினிக்கு அழுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கண்ணீரை வீணாக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் தன் முழங்கால் வலியைச் சொல்லி அழுதுவிட்டு, நான் சுட்டுக் கொடுத்த தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். போகிற வழியிலேயே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "டாக்டருக்கு என்னமோ தெரியல, அவளுக்கு நோயும் இல்ல நொடியும் இல்ல, அம்புட்டும் சோறு" என்று சொல்லியிருக்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதில் ஒரு வலி இருந்தது. மெலிந்திருந்தால் நோயாளி என்று இரக்கப்படுவார்கள். நான் நோயும் சுமந்தேன், குண்டு என்ற பேரும் சுமந்தேன். கணக்கு டீச்சர் பருமனாக இருந்தால் கணக்கு தப்பாகாது. விளையாட்டு டீச்சருக்கு உடம்புதான் சர்ட்டிபிகேட். "கையைத் தூக்கு, இடுப்பை வளை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது என் இடுப்பை அவர்கள் பார்ப்பதாக எனக்குத் தோன்றும். பிள்ளைகள் அப்படிப் பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

வேர்வையும் அப்படித்தான். மார்கழிக் காலையில் எல்லாரும் ஸ்வெட்டரோடு நிற்க, எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி உச்சிவரை ஏறும். ஜாக்கெட் முதுகு தொப்பலாக நனைந்துவிடும். அந்த நேரத்தில் யாராவது "என்ன டீச்சர், இப்படி வேர்க்குது?" என்று கேட்டால் தொலைந்தார்கள்.

கோபத்துக்கு மட்டும் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் காரணமில்லாமல் சீறினால் என் வீட்டுக்காரர் திருப்பிப் பேச மாட்டார். "இது மாத்திரை பேசுது" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். காரணத்தோடு சீறும்போதும் அவர் அதையே சொல்ல ஆரம்பித்ததுதான் இந்த ஏற்பாட்டிலிருந்த ஓட்டை.

ஒருசந்தி

விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம். ஒருநாளில் ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவதை நாங்கள் ஒருசந்தி என்போம். சர்ச்சில் பூசை முடிவில் சாமியார் வழக்கமான அறிவிப்பைப் படித்தார். நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் ஒருசந்தி கடமை இல்லை, அவர்களுக்கு விலக்கு உண்டு.

பக்கத்தில் இருந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, உனக்குத்தான் சொல்கிறார் என்பதுபோல் தலையசைத்தார். எனக்குச் சுரீர் என்றது. நானா நோயாளி? காலையில் மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டுத்தானே கோயிலுக்கு வந்திருக்கிறேன்?

ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒருசந்தி இருப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன். வெளியே சொன்ன காரணம் பக்தி. உள்ளே இருந்த காரணம் அலமாரியில் மடித்து வைத்த டிராக் பேண்ட்.

கோயிலில் என் மதிப்பு ஏறியது. "இந்த நிலமையிலயும் செலினம்மா ஒருசந்தி இருக்காக" என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. வயிறு மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி போல ஒரு டம்ளர் மோரைக் காட்டிவிட்டு நான் மைதானத்தில் நின்றேன். இதற்குள் சுகரும் ஏறியிருந்தது, அதற்கு டாக்டரம்மா தனியாகக் கொடுத்த மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டேன். சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குனிந்து காலைத் தொட்டுக் காட்டிவிட்டு நிமிர்ந்தேன். மைதானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு எப்போதும் வருவது சூடான வேர்வை. அன்று வந்தது குளிர்ந்த வேர்வை. கைவிரல்கள் தானாக நடுங்கின.

திருத்திய பேப்பர் கட்டோடு அந்த வழியாக வந்த ராஜேஸ்வரிதான் என்னைத் தாங்கித் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்காரவைத்தார். ஊருக்கு மேற்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், பிடி இரும்புப் பிடி. விளையாட்டு அறைக்கு ஓடி, ஓட்டப் பந்தயப் பிள்ளைகளுக்காக நான் வாங்கி வைத்திருந்த குளுக்கோஸ் டப்பாவை எடுத்துவந்து என் உள்ளங்கையில் கொட்டினார். நான் எத்தனை பிள்ளைகளின் கையில் அதைக் கொட்டியிருப்பேன். நக்கிச் சாப்பிட்டபோது நாக்கில் அந்தக் குளிர்ச்சி இறங்கியது.

"எங்க வீட்லயும் சஷ்டிக்கு விரதம் இருப்பாக டீச்சர். சுகர் மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஒருத்தரும் இருக்க மாட்டாக" என்றார் ராஜேஸ்வரி.

சாயங்காலம் விஷயம் தெரிந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நீ ஆண்டவருக்கு ஒருசந்தி இருக்கியா, பேண்டுக்கு இருக்கியா?"

இப்போது அழுதது மாத்திரை இல்லை, நான்தான். "நான் நோயாளி இல்லங்க" என்றேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன்.

"யாரு ஒன்னைய நோயாளின்னு சொன்னா? மருந்து சாப்பிடுறவ. மருந்து சாப்பிடுறவ சோறும் சாப்பிடணும்." தட்டில் சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றினார். வெள்ளிக்கிழமை, அதுவும் தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கோழி, ஆட்டுக்கறி கிடையாது, ஆனால் மீனுக்குத் தடை இல்லை. நான் அழுதுகொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பசிக்கு ஒரு பீரியடு

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. சுகர் மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். "இது ஒங்க பலவீனம் இல்ல டீச்சர். மருந்து உண்டாக்குற பசி. அதைப் பட்டினி போட்டு ஜெயிக்க முடியாது. நேரம் போட்டுச் சாப்பிடுங்க" என்றார்.

நேரம் போடுவதா, அது என் தொழில் அல்லவா? பீரியடு பிரிப்பது போலப் பசியையும் பிரித்தேன். பதினோரு மணி இடைவேளைக்கு ஒரு டப்பா. அவித்த பாசிப்பயறு, வெள்ளரிக்காய், சில நாள் கொண்டைக்கடலை. மதியம் அளவான சோறு, அளவில்லாத கீரை. நாலு மணிக்கு நீர்மோரும் ஒரு கை வேர்க்கடலையும். டப்பாவை ஆசிரியர் அறையின் நடு மேஜையில் வைத்துத் திறந்தேன். முன்பெல்லாம் விளையாட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிஸ்கட் தின்றவள் நான்.

காலையில் விடிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் வைகைக் கரையோரம் நடக்கப் போனோம். ஆற்றில் தண்ணீர் இருக்கும் நாளும் உண்டு, கருவேல முள் மட்டும் இருக்கும் நாளும் உண்டு. கொக்குகள் எப்போதும் உண்டு. படுக்கப் போகும் முன் சுவரில் கையை ஊன்றி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே கெண்டைக்கால் பயிற்சியைச் செய்தேன். கால் இழுப்பது பாதி குறைந்தது. ஆசிரியர் அறையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டேன். பார்த்தவர்கள் அதைக் கோச்சுகளின் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை.

எடை குறைந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. ஏறுவது நின்றது, அவ்வளவுதான்.

ஒருநாள் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், கடை முழுக்கக் கேட்கும்படி, "டபுள் எக்ஸெல் டிராக் பேண்ட் இருக்கா?" என்றேன்.

"யாருக்கு மேடம்?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

பெண்களுக்கு அந்தச் சைஸ் இல்லை, ஆண்களுக்கு இருந்தது. போட்டுப் பார்த்தேன். ஆண்கள் பேண்டில் பாக்கெட் எவ்வளவு ஆழம் என்று அன்றுதான் தெரிந்தது. மாத்திரை டப்பா, கடலைப் பொட்டலம், விசில் எல்லாம் அடங்கின. இத்தனை நாள் இதைப் பெண்களிடமிருந்து மறைத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

லைப்ரரியின் மின்விசிறி

அந்தச் சமயத்தில்தான் தலைமை ஆசிரியை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்லவர். என் ஆபரேஷனின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தவர்.

"டீச்சர், நீங்க வெயில்ல நிக்கிறதைப் பார்க்க எனக்கு மனசு கேக்கல. அடுத்த வருசம் லைப்ரரியைப் பார்த்துக்கோங்க. ஃபேன் இருக்கு, உக்காந்துக்கிடலாம். சம்பளத்துல ஒரு மாத்தமும் இல்ல."

கோபம் வாய்வரை வந்துவிட்டது. இது மாத்திரை பேசுகிறதா, நான் பேசுகிறேனா என்று ஒரு கணம் எனக்குள்ளேயே பார்த்தேன். நான்தான்.

"சிஸ்டர், நான் கிரவுண்டுல நல்லாத்தான் இருக்கேன்."

"நீங்க சொல்லுவீங்க. ஒருநாள் மயங்கி விழுந்தீங்கல்ல?"

"விளையாட்டு விழா முடியட்டும் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னேன். சரி, விழா முடிந்ததும் முடிவு செய்வோம் என்றார். அடுத்த வாரமே விளையாட்டு டீச்சர் வேலைக்கு ஓர் இளம்பெண் வந்து மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள். ஒல்லியாக, வில் மாதிரி இருந்தாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அன்று நான் வீட்டில் சரியாகப் பேசவில்லை. புத்தகங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவற்றின் நடுவில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வேறொருத்தியின் விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. அந்த மைதானத்தை இழந்தால் அப்போதுதான் நான் உண்மையில் நோயாளி ஆவேன் என்று தோன்றியது.

விழாவுக்குச் சில நாள் முன்பு ஸ்கேன். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வளரவும் இல்ல, கரையவும் இல்ல. நின்ன எடத்துல அப்படியே நிக்குது."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. விளையாட்டுக்காரிக்கு ஜெயித்தது தெரியும், தோற்றது தெரியும். நின்ற இடத்தில் நிற்பதை எதில் சேர்ப்பது? என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "எங்களுக்கு இது பெரிய விசயம் டீச்சர். இந்த மாத்திரையை இம்புட்டுக் கஷ்டத்தோட நீங்க விடாமப் போட்டதுக்குப் பலன் இது."

"சரி டாக்டர். குனியலாமா? தூக்கலாமா? இழுக்கலாமா?"

"தழும்பு நல்லா ஆறியிருக்கு. ஒடம்பு கேக்குறதைச் செய்யுங்க. எங்கயாவது வலிச்சா அந்த நிமிசமே விட்ருங்க."

மறுபடியும் கயிறு

ஆக, ராஜேஸ்வரி என்னைக் கூப்பிட்டபோது மைதானத்தின் ஓரத்தில் பந்தலுக்கு அடியில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். விழா முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான்.

எங்கள் பள்ளியில் கயிறு இழுப்பு டீச்சர்களுக்கும் விடுதிச் சமையலறைப் பெண்களுக்கும் நடக்கும். ஜெயித்தவர்களுக்கு ஒரு வாழைத்தார். அண்டா தூக்கிப் பழகிய கைகளுக்கு முன்னால் சாக்பீஸ் பிடித்த கைகள் என்ன செய்யும்? வருடா வருடம் தார் சமையலறைக்கே போகும். அவர்களின் கடைசி ஆள் பாக்கியம், தலைமைச் சமையல்காரி. அசைக்க முடியாத ஆள்.

ராஜேஸ்வரி மற்றவர்களின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கயிறு பிடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க டீச்சர், நீங்க விசிலை ஊதிக்கிட்டு ஓரமா நிக்கிறீங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன். எடைக்காகச் சொல்லல." கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல, எடைக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று என் எடையை ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லி. மற்றவர்கள் எல்லாரும் அதைப் பார்க்காத மாதிரி நடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண் கணக்கு டீச்சர் அல்லவா, அதைக் கணக்கிலேயே சேர்த்துவிட்டாள்.

நேராகப் பந்தலுக்குப் போனேன். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி சிஸ்டரிடம் நீட்டினேன்.

"நீங்க ஊதணும் சிஸ்டர். நான் கயிறு பிடிக்கப் போறேன்."

"டீச்சர், ஒங்களுக்கு..."

"டாக்டர்ட்ட கேட்டுட்டேன்."

சிஸ்டர் விசிலை வாங்கிக்கொண்டார். அது அவர் கைக்குப் போனபோது என் கழுத்து வெறுமையாக இருந்தது. அந்த உணர்வு எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி ஆளுக்கு ஒரு முறை உண்டு. கயிற்றை ஒரு அக்குளுக்குக் கீழே கொடுத்து, முதுகு வழியாக எதிர்த் தோளுக்குக் கொண்டுவந்து முன்னால் விட வேண்டும். இடுப்பில் முடிச்சுப் போடவே கூடாது. இன்னொன்றும் உண்டு. கடைசி ஆள் இழுக்க வேண்டியதில்லை, நகராமல் நின்றால் போதும். இழுப்பது முன்னால் நிற்பவர்களின் வேலை.

இந்த மைதானத்தில் எங்கே மண் இறுக்கம், எங்கே பொலபொலப்பு என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்தும் முதல் ஆட்டம் போய்விட்டது. எங்கள் ஆட்கள் சிரித்துச் சிரித்தே கயிற்றைக் கோட்டைவிட்டார்கள்.

"இனிமே யாராவது சிரிச்சா கிரவுண்டைச் சுத்தி ஓட விட்ருவேன்" என்றேன். தமிழ் டீச்சர்கூட வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாவது ஆட்டத்தில் குதிகாலை மண்ணில் பதித்தேன். சிஸ்டரின் விசில் பீப்பீ என்று ஏதோ ஒரு சத்தத்தில் வந்தது. எதிர்ப்பக்கம் ஒரே மூச்சில் இழுத்தார்கள். கயிறு என் முதுகில் அழுந்தியது, நார் வாசனை மூக்கில் ஏறியது. நெஞ்சிலிருந்து அந்தச் சூடு கிளம்பியது, வேர்வை கண்ணில் இறங்கியது. வயிற்றில் வலி இருக்கிறதா என்று ஒரு தடவை உள்ளே கேட்டுக்கொண்டேன். இல்லை. மாத்திரை எனக்குக் கொடுத்த அத்தனை கிலோவையும் குதிகாலில் இறக்கி நின்றேன். நகரவில்லை. மறுபடி இழுத்தார்கள், நகரவில்லை.

"யாருடி அது கடைசியில?" என்று பாக்கியம் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்துவது கேட்டது.

அவர்களின் மூச்சு இளைக்கும் நேரம் எனக்குத் தெரியும். "இப்ப" என்றேன். முன்னால் நின்ற ராஜேஸ்வரியும் மற்றவர்களும் இழுத்தார்கள். கயிறு எங்கள் பக்கம் வந்தது. பிள்ளைகள் "பி.டி. மிஸ், பி.டி. மிஸ்" என்று மைதானமே அதிரக் கத்தினார்கள்.

மூன்றாவது ஆட்டம் நீண்டது. பாக்கியமும் நானும் கயிற்றின் இரண்டு கோடியில் இரண்டு மரங்களாக நின்றோம். கடைசியில் அவர் கால் பொலபொலத்த மண்ணில் சறுக்கியது. எங்கள் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். நான் விழவில்லை.

பாக்கியம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். "டீச்சரம்மா, இம்புட்டு வருசமா இந்த ஒடம்பை எங்க ஒளிச்சு வச்சிருந்தீக?" என்றார்.

"இந்த வருசந்தான் பாக்கியம் வந்துச்சு" என்றேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்த உடம்பை நான் முதல் தடவையாக என்னுடையது என்று நினைத்தேன்.

வாழைத்தார் வந்தது. எனக்குப் பசித்தது. எல்லார் முன்னாலும் ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். அப்போது சிஸ்டர் பந்தலிலிருந்து இறங்கி வந்தார். விசிலைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார். நான் நின்ற இடத்தில் நின்றேன்.

"எனக்கு ஊதத் தெரியல டீச்சர்" என்றார். விசிலை என் கழுத்தில் அவரே மாட்டிவிட்டார். "லைப்ரரிக்கு வேற ஆளைப் பார்த்துக்கிடுறேன். அடுத்த போட்டிக்கு நேரமாச்சு, ஊதுங்க."

வாயில் பழம் இருந்ததால் முதல் ஊதல் சரியாக வரவில்லை. விழுங்கிவிட்டு மறுபடி ஊதினேன். மைதானம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.